தந்தையின் வாளும் புதையல் வாளும்: மேசை விளையாட்டில் விருப்ப ஆயுதத்தின் ஐம்பதாண்டு வரலாறு

நால்வரோ ஐவரோ ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடையும் தாளும் எழுதுகோலும் கொண்டு கூட்டாகக் கதை வளர்த்து ஆடும் விளையாட்டு வகை ஒன்று உண்டு. ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்பர். ஒருவர் மட்டும் உலகத்தையும் பகைவரையும் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டு ஆட்டத்தை நடத்துவார். 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகையின் முதல் அச்சுநூல். இன்று கணினியிலும் கைப்பேசியிலும் நிலை உயர்த்தி, ஆயுதம் கூட்டி ஆடும் விளையாட்டுகளுள் பெரும்பாலானவற்றிற்கு இதுவே மூதாதை.

இவ்விளையாட்டில் தொடக்கம் முதலே தீராத சிக்கல் ஒன்று இருந்துவருகிறது. ஒரு வீரன் தன் தந்தை விட்டுச்சென்ற வாளோடு கதைக்குள் நுழைகிறான். அந்த வாளுக்கு ஒரு பெயர் உண்டு. அதன் பிடியில் ஒரு தழும்பு உண்டு. அந்தத் தழும்புக்கு ஒரு கதை உண்டு. நான்காவது அமர்விலோ ஐந்தாவது அமர்விலோ ஒரு குகையின் புதையலில் பெயரற்ற வேறொரு வாள் கிடைக்கிறது. அது எண்ணளவில் மேலானது. விதிநூலின் கணக்கு, 'தந்தையின் வாளை எறி' என்கிறது. கதையோ, 'எறியாதே' என்கிறது. ஆட்டக்காரர் எதற்குச் செவிசாய்ப்பது?

சிறியதாகத் தோன்றும் இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறை விதிநூலும் ஒவ்வொரு விடை தந்திருக்கிறது. அவ்விடைகளை வரிசையாகப் படித்தால், ஒரு பொருளின் மதிப்பு அதன் ஆற்றலில் உள்ளதா, விலையில் உள்ளதா, நினைவில் உள்ளதா என்னும் பழைய வழக்கு புதிய களத்தில் நடந்திருப்பது புலப்படும்.

1. எண் பிறந்த இடம்

விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில், பொம்மைப் படைகளைக் கொண்டு போர் விளையாட்டு ஆடுவோர் குழுவொன்று இருந்தது. அக்குழுவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் எழுதிய 'செயின்மெயில்' 1971இல் வெளிவந்தது. அது இடைக்கால ஐரோப்பியப் போர்களுக்கான விதிநூல். அதன் இறுதியில் கற்பனைப் போர்களுக்கான பின்னிணைப்பு ஒன்று சேர்க்கப்பட்டது. டிராகன், மந்திரவாதி, பூதம் முதலியவற்றோடு மந்திர வாளும் விதிக்குள் வந்தது அங்கேதான். வாள் ஏந்தியவனுக்கு, பகடை உருட்டும்போது சிறு கூடுதல் கிடைக்கும் என்பதே அதன் சாரம்.

1974இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை மூன்று சிறு நூல்களாக ஒரு பெட்டியில் வெளியிட்டனர். '+1 வாள்' என்னும் சொல்லாட்சி இதன் வழியாகவே பரவியது. அதன் பொருள் எளிது. தாக்குதல் பட்டதா இல்லையா என அறிய இருபது முகப் பகடை உருட்டப்படும். ஒவ்வொரு முகமும் நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு. ஆகவே '+1' என்பது நூற்றுக்கு ஐந்து மேன்மை. மந்திரம் என்னும் அளவிட முடியாத ஒன்று, ஐந்து விழுக்காடு என்னும் அளவுக்குள் வந்தமைந்தது.

ஆயினும் அந்த முதல் நூலின் வாள் வெறும் எண்ணாக இருக்கவில்லை. மந்திர ஆயுதங்களுள் வாளுக்கு மட்டும் அறிவும், ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என மூவகைச் சார்புகளுள் ஒன்றும், அகந்தைக்கு ஓர் அளவும் விதிக்கப்பட்டிருந்தன. மாறுபட்ட சார்புடையவன் தொட்டால் வாள் அவனைத் தாக்கும். அகந்தை மிக்க வாள், தன்னை ஏந்தியவனையே தன் விருப்பத்துக்கு வளைக்கும். அதாவது வாள் இன்னொரு பாத்திரம். அதனை 'மேம்படுத்துவது' என்ற எண்ணமே அங்கு எழவில்லை. நண்பனை மேம்படுத்துவார் இல்லை; அவனோடு பழகவோ பிணங்கவோ மட்டுமே இயலும்.

2. காப்பிய வாள்கள்

வாளுக்கு மனம் உண்டு என்ற எண்ணம் கைகாக்ஸுக்கு எங்கிருந்து வந்தது என்பதில் மறைபொருள் இல்லை. 1979இல் வெளியான 'டஞ்சன் மாஸ்டர்ஸ் கைட்' நூலின் பின்னிணைப்பில் தம்மைப் பாதித்த எழுத்தாளர்களை அவரே பட்டியலிட்டார். போல் ஆண்டர்சன், ஃபிரிட்ஸ் லைபர், மைக்கேல் மூர்காக், டோல்கீன் ஆகியோர் அதில் உள்ளனர். மூர்காக்கின் எல்ரிக் ஏந்தும் 'ஸ்டார்ம்பிரிங்கர்' கொல்லப்பட்டோரின் உயிரை உறிஞ்சித் தன் தலைவனுக்கு வலிமை ஊட்டும். அவன் நேசிப்போரையும் அது விட்டுவைக்காது.

இக்கதைகளில் வாளைக் கைவிட்டு அதைவிடச் சிறந்த வாளை எடுத்துக்கொள்ளும் நாயகன் அரியவன். வாள் மாறினும் அடையாளம் மாறாதபடி கதை பார்த்துக்கொள்ளும். லைபரின் ஃபாஃப்ஹர்ட் எந்த வாளை ஏந்தினாலும் அதற்கு 'கிரேவாண்ட்' என்ற ஒரே பெயர்தான். இரும்பு மாறும், பெயர் நிலைக்கும். வடமொழிக் காப்பியங்களில் காண்டீபம் அர்ச்சுனனின் மறுபெயர் போலவே வழங்குகிறது.

ஒரு வாள் மேன்மை பெறும் கதைகளும் உண்டு. ஐஸ்லாந்தின் வொல்சுங்க சாகாவில் சிக்முண்டின் வாளை ஓடின் முறித்துவிடுகிறான். அதன் துண்டுகளைக் கொண்டு ரெகின் என்னும் கொல்லன் சிக்முண்டின் மகன் சிகுர்டுக்காக 'கிராம்' என்னும் வாளை வடிக்கிறான். டோல்கீனின் நார்சில் முறிந்து, பல தலைமுறைக்குப்பின் ரிவெண்டெல்லில் மீண்டும் வடிக்கப்பட்டு ஆண்டுரில் ஆகிறது. பில்போவின் குறுவாளோ எந்தக் கொல்லனிடமும் மறுமுறை செல்லவில்லை. காட்டில் தனியாக ஒரு பெருஞ்சிலந்தியைக் கொன்ற பின்னர் அதற்கு அவன் 'ஸ்டிங்' எனப் பெயரிடுகிறான். அந்தக் கணத்தில் வாளின் இரும்பில் எதுவும் மாறவில்லை, ஏந்தியவன் மாறினான்.

ஆக, காப்பிய மரபில் ஆயுதம் உயர்வதற்கு மூன்று வழிகள் இருந்தன: முறிந்து மீள்வது, செயலால் பெயர் பெறுவது, மரபுரிமையாகக் கைமாறுவது. மூன்றிலும் விலை கிடையாது. விளையாட்டு எடுத்துக்கொண்டதோ நான்காவது வழி: புதையல்.

3. புதையலின் ஆட்சி

1975இல் 'கிரேஹாக்' என்னும் இணைப்புநூல் வந்தது. அதுவரை எல்லா ஆயுதங்களுக்கும் ஒரே அளவு சேதம். ஆறுமுகப் பகடை ஒன்று. கிரேஹாக் ஆயுதத்துக்கு ஆயுதம் சேதத்தை வேறுபடுத்தியது. எந்த ஆயுதத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது அன்றுமுதல் கணக்குப் பொருளாயிற்று.

1977இன் 'மான்ஸ்டர் மேனுவல்' அடுத்த படி. மந்திரம் ஏறாத இரும்பால் தீண்டவே முடியாத பகைவர் பலர் அதில் இடம்பெற்றனர். கார்காயிலைக் காயப்படுத்த +1 ஆயுதம் வேண்டும். இரும்புக் கோலத்துக்கு +3 வேண்டும். எண் இப்போது வெறும் மேன்மையாக இல்லாமல், வாயிலைத் திறக்கும் சாவியாயிற்று. தந்தையின் வாளோடு வந்தவன் இத்தகைய பகைவர் முன் நின்றால், அவனது விசுவாசம் அவனைக் காக்காது.

1979இன் நூலில் மந்திரப் பொருள் ஒவ்வொன்றுக்கும் இரு எண்கள் தரப்பட்டன: வைத்துக்கொண்டால் கிடைக்கும் அனுபவப் புள்ளி, விற்றால் கிடைக்கும் பொற்காசு. பொற்காசும் அனுபவமாகக் கணக்கிடப்பட்டதால், விற்பது பெரும்பாலும் இலாபமாகவே முடிந்தது. ஆட்டக்காரர் தாமே ஆயுதத்துக்கு மந்திரம் ஏற்றவும் வழி இருந்தது. ஆனால் அது உயர்நிலை மந்திரவாதிக்கே உரிய வழி. ஏற்றிய மந்திரத்தை நிலைநிறுத்தும் மந்திரம், அதைச் செய்பவனின் உடல்வலிமையில் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளும். வாளுக்கு உரியவன் வீரன். உடலைக் கொடுப்பவன் மந்திரவாதி. தோழனுக்காக ஒருவன் தன்னைக் குறைத்துக்கொள்ளும் நெகிழ்ச்சியான காட்சிக்கு அந்த விதி இடம் தந்தது என்பது உண்மை. ஆயினும் அத்தகைய தோழனைப் பெற்ற வீரர்கள் மிகச் சிலரே.

1985இல் 'அன்எர்த்ட் ஆர்க்கானா' நூல் முரண்பாட்டை உச்சத்துக்குக் கொண்டுசென்றது. வீரன் ஓர் ஆயுதத்தில் தனித்தேர்ச்சி பெறலாம் என்ற விதி அதில் வந்தது. கோடரியில் தேர்ந்தவன் கோடரி ஏந்தினால் மட்டுமே அந்த மேன்மையைப் பெறுவான். ஆனால் புதையல் அட்டவணைகள் தோன்றச்செய்த வாள்களில் பெரும்பான்மை நீள்வாள்களே. விதிநூலின் ஒரு பக்கம் 'ஒன்றையே பற்று' என்றது. மறுபக்கம் 'கிடைத்ததை எடு' என்றது. பல மேசைகளில் வீரர்கள் நீள்வாளையே தேர்ந்தனர். வாள் மீதுள்ள காதலைவிட அட்டவணை மீதுள்ள நம்பிக்கை அதற்குக் காரணம்.

4. ஏட்டைத் தேடிய வாள்

இந்தப் போக்குக்கு மாற்றாக, வேறொரு நிறுவனத்திடமிருந்து ஒரு விடை வந்தது. ஃபாசா நிறுவனம் 1993இல் வெளியிட்ட 'எர்த்டான்' என்னும் விளையாட்டின் உலகம், ஒரு பேரழிவுக்குப்பின் மண்ணுக்கடியிலான புகலிடங்களிலிருந்து மக்கள் வெளியேறும் காலத்தைச் சேர்ந்தது. பழைய அறிவு சிதறிக்கிடக்கிறது. அந்த உலகில் பெயருக்கு ஆற்றல் உண்டு. பெயர்பெற்ற பொருளோடு வீரன் மந்திர இழை நெய்து தன்னைப் பிணைத்துக்கொள்ள வேண்டும். பிணைப்பு வலுக்க வலுக்கப் பொருளின் ஆற்றல் படிப்படியாக விழிக்கும்.

இதில் போற்றத்தக்கது என்னவெனில், பிணைப்பை வலுப்படுத்தப் புள்ளிகள் மட்டும் போதா. வாளின் பெயர் என்ன, வடித்தவர் யார், எந்த நிகழ்வில் அது பங்கேற்றது என்பன போன்ற உண்மைகளைத் தேடிக் கண்டறிந்தாக வேண்டும். அவ்வுண்மை கிடைக்கும்வரை அடுத்த படி திறக்காது. சில பொருள்களுக்கு அறிவு மட்டும் போதாது. குறிப்பிட்ட ஒரு செயலையும் செய்துமுடிக்க வேண்டும்.

இவ்விதியின் விளைவு ஆழமானது. வீரன் வாளை மேம்படுத்தக் கொல்லனிடமோ கடையிடமோ செல்வதில்லை. ஏட்டுச்சுவடி உள்ள இடத்துக்கும், முதியோர் வாழும் ஊருக்கும், இடிந்த கோட்டைக்கும் செல்கிறான். வாளின் வரலாற்றாசிரியனாக அவன் மாறுகிறான். தான் செய்யும் செயலும் அவ்வரலாற்றில் சேர்கிறது. எண் கூடுகிறது; ஆனால் எண்ணுக்கு முன் அறிவு கூடவேண்டும். காப்பிய மரபின் மூன்று வழிகளையும் விதியாக வடித்த முயற்சிகளுள் இதுவே முதன்மையானது என்றால் மிகையாகாது. எனினும் வணிகத்தில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் முன்னால் எர்த்டான் சிறிய விளையாட்டாகவே நின்றது. பெரிய சந்தை வேறு திசையில் சென்றது.

5. விலைப்பட்டியல்

2000ஆம் ஆண்டு, மான்ட்டி குக், ஜொனதன் ட்வீட், ஸ்கிப் வில்லியம்ஸ் ஆகியோரின் கைவண்ணத்தில் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. இதுகாறும் மங்கலாக இருந்த மந்திர ஆயுதத் தொழில் இப்போது வெளிப்படையான வாய்பாடாயிற்று. மேன்மை எண்ணை அதே எண்ணால் பெருக்கி, இரண்டாயிரத்தால் பெருக்கினால் ஆயுதத்தின் விலை. +1 வாள் 2,000 பொற்காசு. +2 வாள் 8,000. +3 வாள் 18,000. +4 வாள் 32,000. +5 வாள் 50,000. தாமே செய்தால் பாதிச் செலவு. அதனோடு விலையில் இருபத்தைந்தில் ஒரு பங்கு அனுபவப் புள்ளியும் செய்பவர் இழக்க வேண்டும். ஆயிரம் பொற்காசு விலைக்கு ஒரு நாள் உழைப்பு.

இருக்கும் வாளை மேம்படுத்த, புதிய விலைக்கும் பழைய விலைக்கும் இடையிலான வேறுபாட்டைக் கொடுத்தால் போதும் என்பது அந்நூலின் விதி. விருப்ப ஆயுதம் வைத்திருந்தோர்க்கு இது பெரும் விடுதலை. தந்தையின் வாள் இனி +1 ஆகலாம், +2 ஆகலாம், தீ உமிழலாம், பெயர் மாறவேண்டியதில்லை.

அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது பயன்தரும். ஒரு வீரனிடம் தந்தையின் +1 வாள் இருக்கிறது. குகையில் பெயரற்ற +2 வாள் கிடைக்கிறது. பழைய வாளை விற்றுப் புதியதை வைத்துக்கொண்டால், பாதிவிலைக்கு விற்பதால் 1,000 பொற்காசு கையில் நிற்கும். மாறாக, புதிய வாளை விற்றால் 4,000 பொற்காசு. அதைக் கொண்டு தந்தையின் வாளைத் தன் குழுவின் மந்திரவாதியிடம் கொடுத்து +2 ஆக்கினால், விலை வேறுபாடு 6,000. அதில் பாதி 3,000 செலவு. மிச்சம் அதே 1,000. பொற்காசில் ஒரு காசுகூட வேறுபாடில்லை. வேறுபடுவன இரண்டு: ஆறு நாள் உழைப்பும், 240 அனுபவப் புள்ளியும். தந்தையின் நினைவுக்கு அந்த விதிநூல் குறித்த விலை அவ்வளவே.

ஆனால் அந்த 240 புள்ளியைக் கொடுப்பவர் யார் என்பதே உயிர்நிலை. வாளின் உரிமையாளர் கொடுப்பதில்லை. மந்திரவாதியாக ஆடும் மற்றொரு தோழர் கொடுக்கிறார். அவர் பாத்திரம் அடுத்த நிலைக்கு உயர்வது அவ்வளவு தாமதமாகும். ஒருவரின் பற்றுக்கு மற்றொருவர் வரி செலுத்தும் ஏற்பாடு இது. 1979இல் உடல்வலிமையாக இருந்த அதே வரி இங்கு அனுபவப் புள்ளியாக உருமாறியிருக்கிறது, செலுத்துபவர் மாறவில்லை.

இன்னொரு விளைவும் உண்டு. ஒவ்வொரு நிலையிலும் பாத்திரத்திடம் எவ்வளவு செல்வம் இருக்கவேண்டும் என்ற அட்டவணையும் அந்நூலில் இருந்தது: ஐந்தாம் நிலையில் 9,000 பொற்காசு, பத்தாம் நிலையில் 49,000, இருபதாம் நிலையில் 760,000. பகைவரின் வலிமையும் ஏறத்தாழ அதற்கேற்பவே அமைக்கப்பட்டது. ஆகவே மேம்பாடு பரிசு என்ற தன்மையை இழந்து கடமையாயிற்று. வாள் +2 ஆனபோது வீரன் முன்னேறவில்லை. பின்தங்காமல் நின்றான், அவ்வளவே.

6. நினைவு வரியாகும்போது

2003இன் திருத்தப் பதிப்பு இன்னொரு நெருக்கடியைக் கொணர்ந்தது. பகைவரின் தடுப்பு இப்போது மேன்மை எண்ணைவிட உலோகத்தையும் வகையையும் பொறுத்தது. ஓநாய்மனிதனுக்கு வெள்ளி, வனதேவதைக்கும் சிலவகைப் பேய்க்கும் குளிரிரும்பு, கோலங்களுக்கு அடமண்டைன். இதனால் வீரர்கள் கோல்ஃப் ஆடுவோர் பல மட்டைகளைப் பையில் சுமப்பதுபோல் பல வாள்களைச் சுமக்கின்றனர் என்ற கேலி ஆட்டக்காரரிடையே பரவியது. பையிலுள்ள பல வாள்களுள் ஒன்று என்ற நிலைக்குத் தந்தையின் வாள் இறங்கியது.

இதற்குப் பரிகாரம்போல் 2005இல் 'வெப்பன்ஸ் ஆஃப் லெகசி' என்ற நூல் வந்தது. ஏந்துபவனோடு சேர்ந்து வளரும் வாள்கள், அவற்றின் நீண்ட வரலாறுகள், ஒவ்வொரு படிக்கும் உரிய சடங்குகள் என எர்த்டானின் எண்ணங்கள் பல இங்குப் பெரிய விளையாட்டுக்குள் வந்தன. நோக்கம் சரியானது. ஆனால் வாள் தரும் ஆற்றலுக்கு ஈடாக ஏந்துபவன் தன் தாக்குதல் எண்ணிலும் உயிர்ப்புள்ளியிலும் பிறவற்றிலும் நிலையான குறைவை ஏற்கவேண்டும் என விதித்தனர். அந்த வாளை ஏந்தியவன், கடையில் வாங்கிய வாளை ஏந்திய தோழனைவிடக் குறைந்தவனாக நின்ற தருணங்கள் பல. பற்றுக்கு விலை உண்டு என்பதில் தவறில்லை. எல்ரிக்கின் கதையே அதுதான். எல்ரிக் கொடுத்த விலை கதையில் கண்ணீரானது. இந்நூலின் விலையோ தாளில் கழித்தல் குறியாகவே நின்றது. நூல் பெரிதாக வரவேற்பைப் பெறாமல் போனதற்கு இதுவே தலையாய காரணம்.

2007இல் 'மேஜிக் ஐட்டம் காம்பெண்டியம்' வெளிவந்த காலத்தில் அதன் வடிவமைப்பாளருள் ஒருவரான ஆண்டி காலின்ஸ் உண்மையை வெளிப்படையாகவே பேசினார். ஆயுதம், கவசம் முதலாக ஆறு வகை எண்கூட்டும் பொருள்களே ஆட்டக்காரரின் செல்வம் முழுவதையும் விழுங்குகின்றன; வியப்பூட்டும் பொருள்கள் விற்கப்படுகின்றன என்பதே அதன் சாரம். எண்ணைக் கூட்டும் பொருள், மந்திரப் பொருளின் பகைவனாகிவிட்டது என்பதை விளையாட்டின் உரிமையாளர்களே உணர்ந்த தருணம் அது.

7. எண்ணை வாளிலிருந்து பிரித்தல்

அடுத்த பத்தாண்டுகளின் விடைகள் அனைத்தும் ஒரு நோக்கம் கொண்டவை: எண்ணையும் வாளையும் பிரிப்பது.

2008இல் வந்த நான்காம் பதிப்பு முதலில் கணக்கை இன்னும் இறுக்கியது. மேன்மை +1 முதல் +6 வரை. +1 ஆயுதம் 360 பொற்காசு, +6 ஆயுதம் 1,125,000. ஒவ்வொரு படிக்கும் விலை ஐந்து மடங்கு. விற்றால் ஐந்தில் ஒரு பங்கே கிடைக்கும். ஆட்டக்காரர் தமக்கு வேண்டிய பொருள்களைப் பட்டியலிட்டு ஆட்டத்தை நடத்துபவரிடம் தரலாம் என்ற யோசனையும் வந்தது. ஆனால் அதே ஆண்டின் 'அட்வென்ச்சரர்ஸ் வால்ட்' நூல், ஒரு பொருளின் மந்திரத்தை இன்னொரு பொருளுக்கு மாற்றும் சடங்கைத் தந்தது. புதையல் வாளின் ஆற்றல் தந்தையின் வாளுக்குள் குடிபெயரலாம். 2009இன் இரண்டாம் வழிகாட்டி நூல் மேலும் ஒரு படி சென்று, மேன்மை எண்ணைப் பாத்திரத்தின் இயல்பாகவே வைத்துக்கொள்ளும் மாற்றுவிதியைக் கொடுத்தது. வீரன் வளர அவன் எண் வளரும். கையில் எந்த வாள் இருந்தாலும் அது அவனுடைய எண்ணையே பெறும். லைபரின் கிரேவாண்ட் இவ்வாறு விதியாக மறுபிறவி எடுத்தது.

'பாத்ஃபைண்டர்' விளையாட்டின் 2019ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பு வேறு உருவகத்தைக் கையாண்டது. ஆற்றல் வாளில் இல்லை. வாளில் பொறிக்கப்பட்ட மந்திர எழுத்தில் இருக்கிறது. அவ்வெழுத்தை அதன் விலையில் பத்தில் ஒரு பங்கு செலவில் ஓர் ஆயுதத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றலாம். ஒருவகை எழுத்து தாக்கும் வாய்ப்பைக் கூட்டும். வேறொருவகை சேதப் பகடைகளைக் கூட்டும். பிறவகை தீ, குளிர் முதலிய சிறப்புகளைத் தரும். தோழரின் அனுபவத்தையோ உடலையோ இது கேட்பதில்லை. செலவு உரிமையாளரின் பையிலிருந்தே போகிறது. நடைமுறைக்கு இதைவிட எளிய விடை வந்ததில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தந்தையின் வாள் காப்பாற்றப்பட்டது, அதன் மேன்மைக்கும் தந்தைக்கும் யாதொரு தொடர்பும் இல்லாமல் போயிற்று. புதையலில் கிடைத்த பெயரற்ற வாள்கள் எழுத்துகளைச் சுமந்துவரும் உறைகளாயின.

8. விழிக்கும் வாள்கள்

2014இன் ஐந்தாம் பதிப்பு எண்ணின் பிடியையே தளர்த்தியது. மேன்மை +3க்கு மேல் செல்லாது. பகைவரின் கவச எண்ணும் கட்டுக்குள் இருக்கும். மந்திர ஆயுதம் இல்லாமலும் கணக்கு குலையாது. வலிமைமிக்க பொருளோடு வீரன் தன்னை இணைத்துக்கொள்ள வேண்டும். அத்தகைய இணைப்பு ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் கூடாது. 'மந்திர ஆயுதம் இல்லையேல் காயமில்லை' என்ற பழைய தடை ஐந்தாம் பதிப்பில் பெரும்பாலும் பாதிச் சேதமாகத் தணிந்திருந்தது. 2025இன் புதிய 'மான்ஸ்டர் மேனுவல்' அந்த மிச்சத்தையும் பெரும்பாலும் நீக்கிவிட்டது. தந்தையின் வாள் எந்தப் பகைவன் முன்னும் இனி வெறும் தகரம் ஆகாது.

கட்டாயம் நீங்கியபின்னரே கதை திரும்பிவந்தது. 2020இல் மேத்யூ மெர்சரின் 'எக்ஸ்ப்ளோரர்ஸ் கைட் டு வைல்ட்மவுண்ட்' நூலில் இடம்பெற்ற தொல்பொருள்கள் உறக்கம், விழிப்பு, உன்னதம் என மூன்று நிலைகளில் வளர்வன. ஏந்துபவரின் வாழ்வில் பெருந்திருப்பம் நேரும்போது வாளும் அடுத்த நிலைக்கு உயரலாம். 2021இன் 'ஃபிஸ்பன்ஸ் டிரஷரி ஆஃப் டிராகன்ஸ்' நூலில் வேறொரு வழி: டிராகனின் புதையற்குவியலில் ஊறிய பொருள் அதன் ஆற்றலை ஏற்கும். முதிர்ந்த டிராகனை வென்று, அதன் குவியலில் தன் வாளை ஊறவைத்தால் வாள் நான்கு நிலைகளின் வழியே விழிக்கும்.

இவ்விரண்டாம் விதியின் நுட்பம் கருதத்தக்கது. பழைய விளையாட்டில் புதையற்குவியல் தந்தையின் வாளுக்கு எமனாக இருந்தது. அதிலிருந்துதான் மாற்று வாள் வரும். இங்கு அதே குவியல் தந்தையின் வாளுக்கு ஊட்டமளிக்கிறது. வென்ற டிராகனின் பெயர் வாளின் வரலாற்றில் சேர்கிறது. சிலந்தியைக் கொன்றபின் பெயர்பெற்ற பில்போவின் குறுவாள் எண்பதாண்டுச் சுற்றுக்குப்பின் விதிநூலுக்குள் வந்துசேர்ந்தது எனலாம்.

9. கொடுப்பவர் யார்

ஐம்பதாண்டு விடைகளையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டுமாயின், 'கொடுப்பவர் யார், கொடுப்பது என்ன' என்ற கேள்வியே தக்க அளவுகோல். 1979இல் தோழன் தன் உடலைக் கொடுத்தான். 2000இல் தோழன் தன் அனுபவத்தைக் கொடுத்தான். 2005இல் ஏந்துபவன் தன் திறனைக் கொடுத்தான். 2019இல் அவன் காசைக் கொடுத்தான். எர்த்டானிலும் பின்னைய நூல்களிலும் அவன் கொடுத்தது தேடலையும் செயலையும். முன்னவை எல்லாம் ஏதோ ஒன்றைக் குறைத்து வாளை உயர்த்தின. இறுதியது எதையும் குறைக்காமல் ஏந்துபவனையும் வாளையும் ஒருங்கே உயர்த்தியது. விதி சிக்கலானதா எளியதா என்பதைவிட இந்த வேறுபாடே ஒரு மேம்பாட்டை ஆட்டக்காரர் நெடுநாள் நினைவில் வைத்திருப்பதா, அடுத்த வாரமே மறப்பதா என்பதைத் தீர்மானித்தது.

இன்று ஆட்டத்தை நடத்துபவர்க்கு இவ்வரலாறு தரும் பயனும் அதுவே. எந்தப் பதிப்பை ஆடினாலும், வாளின் எண்ணைக் கூட்டுவது ஒரு நொடி வேலை. அந்த நொடியை ஒரு நிகழ்வோடு பிணைப்பதற்கு எந்த விதிநூலும் தடையாக இல்லை: முறிந்த வாள் மீள்வதாக இருக்கலாம்; தந்தையைப் பற்றிய மறைந்த உண்மை வெளிப்படுவதாக இருக்கலாம்; வீழ்த்தவே முடியாதென்று கருதிய பகைவன் வீழ்ந்ததாக இருக்கலாம். கடையிலிருந்து வந்த +2 என்றால் அதைத் தாளில் அழித்து எழுதினால் போதும். நிகழ்விலிருந்து வந்த +2 என்றால் தாளில் ஒரு வரி கூடும்.

மகாபாரதத்தின் இறுதியில், நெடும்பயணம் புறப்பட்ட பின்னும் அர்ச்சுனன் காண்டீபத்தை விடவில்லை. அக்கினி எதிரே தோன்றி, வருணனிடமிருந்து பெற்றுத் தந்ததை வருணனுக்கே திருப்பித் தருமாறு கேட்டபின்னரே அதைக் கடலில் விடுகிறான். ஆர்தரின் எக்ஸ்காலிபரும் நீருக்கே திரும்புகிறது. காப்பிய நாயகர் தம் ஆயுதத்தை விற்றதும் இல்லை, மாற்றிக்கொண்டதும் இல்லை. பணி முடிந்ததும் உரியவரிடம் ஒப்படைத்தனர். மேசை விளையாட்டில் ஒரு கதை முடியும்போது பாத்திரத் தாள்கள் மடித்து வைக்கப்படுகின்றன. அவற்றுள் தந்தையின் வாள் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை அதே பெயரில் இருந்தால், அதன் எண் எதுவாயினும் அந்த ஆட்டம் நன்றாக நடந்தது என்றே கொள்ளலாம்.